அம்மா இல்லாத மருமகளும் ஆறாம் மாதத்து வெசனமும்

வாசகர் கடிதம்:

சோமனூர்ப் பக்கத்தில் கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. நானும் என் மகனும் தறிக்குடோனில்தான் இருக்கிறோம். மருமகளுக்கு வயது இருபத்து மூன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாந்தி நிற்காததால் நான்காம் மாதத்தில் நின்றுவிட்டாள். இப்போது ஆறாம் மாதம். ஒன்றரை மாதமாக இரவில் தூங்குவதில்லை. சோறும் சரியாக உங்குவதில்லை. வெடியால நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் போய் உட்கார்ந்து அழுகிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். போன வருடம் ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அவள் பெயரில் எடுத்த குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் ஆள் வந்து நிற்கிறார். “நான் இல்லாம இருந்திருந்தா உங்களுக்கெல்லாம் இந்தத் தொந்தரவே இல்லீங்களே அத்தை” என்று ஒருநாள் சொன்னாள். வேலைக்குப் போகாமல் சும்மா இருப்பதால் வருகிற நினைப்பு என்கிறான் மகன். காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இது நோயா? மாத்திரை கொடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா? செலவு செய்ய எங்களிடம் வழியில்லை. அவளுக்கு அம்மாவும் இல்லை. ஏழாம் மாதம் தாய் வீட்டார் சோறு கட்டி வந்து நடத்த வேண்டிய கட்டுச்சோற்றை எப்படி நடத்துவது என்று எனக்கே வெசனமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது விருந்து வைத்தால் அவள் மனசு தேறுமா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மருமகள் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் முதலில் பதில் எழுத வேண்டும். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது. தான் இல்லாதிருந்தால் வீட்டுக்கு நிம்மதி என்று ஒரு கர்ப்பிணி சொல்லும்போது, அதை அலுப்பில் வந்த பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று இரவே, தறி நின்ற பிறகு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கண்ணு, செத்துப் போயிரலாம்னு நெனப்பு ஏதாச்சும் வருதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை, மாதக்கணக்கில் யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. வருகிறது என்று அவர் சொன்னால், என்ன செய்வதென்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் 108 வரும். வீட்டிலோ குடோனிலோ பூச்சிமருந்து, சாணிப்பவுடர், பழைய மாத்திரைகள் இருந்தால் அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் அவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள். “வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படிப் பேசலாமா” என்று மட்டும் கண்டித்துவிடாதீர்கள். கண்டித்தால் அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். 14416 என்பது டெலி-மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவருக்காக நீங்களும் பேசலாம்.

இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், நோயாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று நினைக்கிறேன். மசக்கைக் காலத்தில் மனம் சட்டென்று கலங்குவதும், பிரசவத்தை நினைத்து ஓரிரு இரவு தூக்கம் கெடுவதும் இயல்பு; ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல், நாளின் பெரும்பகுதி நேரம் மனம் சோர்ந்தே கிடந்து, தூக்கமும் பசியும் குறைந்து, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால் அதை மனச்சோர்வு நோய் என்கிறோம். உங்கள் மருமகளுக்கு ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. விடியற்காலையில் துயரம் கூடுவதும் இந்நோயில் நாங்கள் அடிக்கடி காண்பதுதான். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 15.6 பேருக்கும், குழந்தை பெற்றவர்களில் நூற்றுக்கு 19.8 பேருக்கும் மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவற்றுள் மிகுதி மனச்சோர்வே. உங்கள் தெருவில் கர்ப்பமாக இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், இதை வாய் திறக்காமல் கடந்து வந்தவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.

வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின்னரும் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட காரணங்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துன்பமான நிகழ்வுகள், கை உதவிக்கு ஆள் இல்லாமை. கடைசியாகச் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தண்ணீர் சுமக்கவும், துணி துவைக்கவும், ஒரு மணி நேரம் கண்ணயரவும் இன்னொரு கை வேண்டும் என்கிற அளவுக்கு எளிமையான ஒன்று ஒரு பெண்ணின் மனநலத்தைத் தீர்மானிக்கும் காரணங்களுள் இடம் பெற்றிருக்கிறது. இதைப் படித்துவிட்டு நான் உங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். மருமகள் அழுவதைக் கண்டு, உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இது அரிது. ஆய்வு சொல்வதைத் திருப்பிப் பார்த்தால், அந்த வீட்டில் அவருடைய மனநிலையை மாற்றக்கூடிய இடத்தில் எந்த மருத்துவரையும்விட நெருக்கமாக நீங்கள் இருக்கிறீர்கள் என்பதுதான் பொருள்.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவர் அதைப் பார்க்கும் பக்கம்தான் பிசகு. சில ஆண்டுகளுக்கு முன், அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன், உங்கள் மருமகளைப் போலவே பனியன் கம்பெனியில் செக்கிங்கும் கைமடிப்பும் பார்த்து வந்து, கர்ப்பத்தால் நின்றுவிட்ட ஒரு பெண் என்னிடம் வந்திருந்தார். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அவருடைய விரல்கள் சேலைத் தலைப்பில் தொங்கிய நூல் பிசிறுகளைத் தேடித் தேடிப் பிய்த்துக்கொண்டே இருந்தன. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க” என்றார். சனிக்கிழமை தோறும் தன் கையில் வாங்கிய சம்பளமும், ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாள்களில் மேசைக்கு எதிரே நின்று பேசிச் சிரித்த தோழிகளும், வேன் ஏறும்போது இருந்த மிடுக்கும் ஒரே வாரத்தில் இல்லாமல் போய், பூட்டிய லைன் வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர் அவர். வேலை போனதால் அவர் சோம்பிவிடவில்லை. சம்பாதித்தவர் என்ற மதிப்பை இழந்திருந்தார். உங்கள் மருமகளுக்கும் அந்த இழப்பு இருக்கிறது. அதன் மேல் அவர் பெயரிலேயே கடன். இத்தனைக்கும் நடுவில், “சும்மாதானே இருக்கிறாய்” என்ற சொல் அவர் காதில் எப்படி விழும் என்பதை உங்கள் மகனுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

போன வருடம் கலைந்த கர்ப்பத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வீட்டிலும் அப்படித்தான் கடந்திருப்பீர்கள். நம் பக்கத்தில் மூன்று மாதத்தில் கலைந்ததைச் சாவாக யாரும் துக்கம் காப்பதில்லை, அடுத்தது நிற்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் சுமந்தவருக்கு அது முடிந்த கதையாக இருப்பதில்லை. இந்தக் குழந்தையும் தங்குமா என்ற அச்சம், தான் நின்றுகொண்டே வேலை செய்ததால்தான் அது போயிற்றோ என்ற குற்ற உணர்வு ஆகியவற்றை வைத்துக்கொண்டு விடியற்காலையில் அவர் உட்கார்ந்திருக்கக்கூடும். தொடக்க மாதங்களில் கலையும் கர்ப்பங்களில் பெரும்பாலானவை கருவிலேயே ஏற்படும் மரபணுக் குறையால் கலைகின்றன. தாய் செய்த வேலையால் அல்ல. இதை மருத்துவர் வாயால் அவர் கேட்க வேண்டும். நீங்களும் ஒருமுறை, “போன வருசம் போனது உன்ற தப்பு இல்ல அம்மிணி” என்று சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமங்களில், மருந்தே இல்லாமல், பள்ளிப்படிப்பு மட்டும் முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று அவர்களோடு பேசச் செய்தார்கள். 2008ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளியாயின. குழந்தை பிறந்து ஆறு மாதங்கள் ஆனபோது, அப்படிப் பேச்சுதவி கிடைத்த பெண்களில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வெறும் வீட்டுப் பார்வை மட்டும் கிடைத்த பெண்களில் அது 53 பேருக்கு இருந்தது. அந்தப் பணிப்பெண்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மனத்தைக் கீழே இழுக்கும் எண்ணம் எது என்று அந்தப் பெண்ணோடு சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். அதற்கு மாற்றாக எதை எண்ணலாம் என்று பேசுவார்கள். அந்த வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய சிறு செயல் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அடுத்த முறை மறக்காமல் அதைக் கேட்பார்கள். மாமியாரையும் கணவரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டில் இதை இப்படிப் பொருத்திப் பார்க்கலாம். தறிச் சத்தத்தின் நடுவே பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகையால் மின்சாரம் நிற்கும் நேரத்தையோ சாயங்காலம் தறி நிற்கும் நேரத்தையோ எடுத்துக்கொண்டு, நாளுக்கு அரை மணி நேரம் அவருடன் வெளியே நடந்து வாருங்கள். அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டு நடந்தால் போதும். “என்னால எதுக்கும் ஆகாது” என்று அவர் சொன்னால், “அப்படிச் சொல்லாதே” என்று அடைக்காமல், “எதனால அப்படித் தோணுது?” என்று கேளுங்கள். நல்ல தண்ணீர் வரும் நாளில் குடம் சுமப்பதை உங்கள் மகன் ஏற்றுக்கொள்ளட்டும். இரவு ஷிப்ட் ஓடும் குடோனை ஒட்டிய அறையில் அவர் படுக்கிறார் என்றால் பாயை மாற்றிப் போடுங்கள். தூக்கம் திரும்பினாலே இந்நோயில் பாதிச் சுமை குறைகிறது. முழுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வற்புறுத்துவதைவிட, கம்மங்கூழோ அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் பிடித்த உருண்டையோ மூன்று மணி நேரத்துக்கொரு முறை கொஞ்சமாகக் கொடுங்கள்.

இனி மருத்துவம். முதல் வேலையாக அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. அதுவும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வைப் போலவே சோர்வையும் நாட்டமின்மையையும் உண்டாக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடல் அதைச் சரியாக ஏற்காது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம், “தூங்கறதில்ல, அழுவறா, இல்லாமப் போயிரலாம்னு பேசறா” என்று உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். வாந்தியையும் கால் வீக்கத்தையும் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடந்த ஏழு நாள்களின் மனநிலையைப் பத்தே கேள்விகளில் கேட்டறியும் எடின்பரோ அளவுகோல் என்ற ஒன்று இருக்கிறது; அது தமிழிலும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று அந்தச் செவிலியரிடமே கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இவை எதற்கும் கட்டணம் இல்லை.

மாத்திரையைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. நோய் மிதமாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சையையே முதலில் தருகிறோம். கடுமையாக இருந்தால், தற்கொலை எண்ணம் இருந்தால், மாத்திரை தேவைப்படலாம். செர்ட்ரலின் போன்ற சில மருந்துகள் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருபவை. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டியவை. எதைத் தரலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டுமே தவிர, மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. அதே போல, தொடங்கிய மாத்திரையைப் பயந்து பாதியில் நிறுத்தவும் கூடாது. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வுக்கும் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றோடு தொடர்பு உண்டு என்பதை மாத்திரையின் அபாயத்தோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள்.

மந்திரிப்பதைப் பற்றிச் சொல்வதானால், உங்கள் மருமகள் தாமாக விரும்பிக் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்தால் எனக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. பலருக்கு அது தெம்பு தருகிறது. பட்டினி போடுவது, புகையில் உட்கார வைப்பது, அடித்து விரட்டுவது ஆகியவற்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். அதற்கென்று மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடித்தால் அது பாதிப் பதில்தான். இரவில் அவரை விழிக்க வைப்பவற்றுள் கடனும் ஒன்று. அதை நாம் எண்களாகவே எடுத்துப் பேசினால் அவர் மனத்திலும் அது அளவுக்குள் வரும். பனியன் கம்பெனியில் அவருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருந்ததா என்று கேளுங்கள். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் சராசரிக் கூலியை முழுமையாகப் பெறும் உரிமை பெண்ணுக்கு உண்டு. வேலையை விட்டுவிட்டாரே என்று நீங்களாகவே கைவிட்டுவிடாமல், அவருடைய காப்பீட்டு எண்ணோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளிலும், மொத்தம் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கின்றன. பிக்மி எண் என்னும் கர்ப்பப் பதிவு எண் பதிவாகி, வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா, முதல் தவணை வந்துவிட்டதா என்று செவிலியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வந்த பணம் கடன் தவணைக்குப் போகாமல் அவருடைய சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குழுக் கடன் வசூலுக்கு வருபவர், அது வங்கியோ நிதி நிறுவனமோ தந்த நுண்கடனாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் பெற்றவரைத் தொடர்புகொள்ளக் கூடாது. தகாத சொல் பேசவோ, உறவினரையும் உடன் வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்யவோ கூடாது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025ஆம் ஆண்டில் தமிழக அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அடுத்த வாரம் ஆள் வரும்போது உங்கள் மருமகளை வாசலுக்கு அனுப்பாமல் நீங்களோ மகனோ முன்னே நின்று, மருத்துவச் சீட்டைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கிடைக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு நாள் அவர் வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டியிராது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் கேட்டாக வேண்டும்: வீட்டில் கை நீட்டும் வழக்கம் இருக்கிறதா? இருந்தால் மேலே எழுதிய எதுவும் முழுப் பலன் தராது. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு அவரோ நீங்களோ அழைக்கலாம். இல்லையென்றால், உங்கள் மகனை அடுத்த பரிசோதனைக்கு அரை நாள் கூலி போனாலும் உடன் வரச் சொல்லுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டுவிட்டு வெளியே வரும்போது, வீட்டில் பேச முடியாத பேச்சு தானாக வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகும் கவனம் தொடர வேண்டும். முதல் பத்து நாள்களுக்குள் காரணமின்றி அழுகை வந்து தானே அடங்குவது பலருக்கும் நேர்வது. ஆனால் தூக்கமே இல்லாமல் தொடர்பின்றிப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னாலோ அது அவசர நிலை. ஆயிரத்தில் ஓரிருவருக்கு நேரும். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதால், சேர்த்துவிட்டால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம்.

கடைசியாகக் கட்டுச்சோறு. கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள். தன்னால் இன்னும் ஒரு கடன் என்று அவர் எண்ணிவிடுவார். அம்மா இல்லாத பெண்ணுக்கு ஏழாம் மாதம் நெருங்க நெருங்க ஏக்கம் கூடும் என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள். ஆனால் என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யாமல் அவரிடம் கேளுங்கள். அம்மாவின் இடத்தில் நின்று சோறு கட்டி வர அவர் விரும்புகிற சித்தியோ பெரியம்மாவோ இருக்கலாம். கம்பெனியில் மேசைக்கு எதிரே நின்ற தோழி ஒருவர் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிண்டி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று அவர் சொல்லலாம். ஒன்றுமே வேண்டாம் என்றும் சொல்லலாம். அங்கன்வாடி நடத்தும் சமுதாய வளைகாப்பில் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து வளையல் போட்டுக்கொள்ளவும் வழியுண்டு. பிரசவ நேரத்தில் அரசு மருத்துவமனைகளில் ஒரு பெண் துணை உடனிருக்க அனுமதி உண்டு. அம்மாவின் இடத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்கு, “நான் உள்ள வந்து உங்கையப் புடிச்சுக்கட்டுமா கண்ணு?” என்று இப்போதே கேட்டு வையுங்கள்.